ஜிப்சி அதிர்கிறது என்று போனேன், ஹவுசிங்கைப் பிரித்து 26,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

பழைய ஜிப்சி, ஜீப் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். வண்டி அதிர்கிறது என்று போய் நின்றால், எதையும் சோதிக்காமலே பின் ஹவுசிங்கை (பின் சக்கரங்களுக்கு நடுவில் பற்சக்கரங்கள் இருக்கும் இரும்புக்கூடு) பிரித்துவிடும் கடைகள் இருக்கின்றன. எனக்கு அதுதான் நடந்தது. கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும்.

என்னுடையது 2004 மாடல் ஜிப்சி கிங். தாண்டிக்குடியில் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை மலையேற வேண்டும். மழை பெய்துவிட்டால் தோட்டத்துப் பாதையில் நாலு சக்கரமும் இழுத்தால்தான் வண்டி போகும். அதனால் இந்த வண்டி எனக்கு ஆசைக்கு வைத்திருப்பது இல்லை, பிழைப்புக்கு.

போன ஐப்பசியில் ஆரம்பித்தது. சமவெளி ரோட்டில் 55-ஐத் தாண்டினால் காலடித் தகடு விர்ரென்று அதிரும். ஃபோர் வீல் கியர் கம்பி மேல் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். 75-க்கு மேல் குறைந்துவிடும். கிளட்சை மிதித்து வண்டியைச் சும்மா ஓடவிட்டாலும் அதிர்வு அப்படியே இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் மாற்றம் இல்லை. இது அத்தனையும் நான் ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். சூப்பர்வைசர் தலையாட்டினார், ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை.

முதலில் வீல் பேலன்சிங், அலைன்மென்ட் என்று 1,400 ரூபாய். அதிர்வில் எந்த வித்தியாசமும் இல்லை. இரண்டாம் முறை போனபோது, வண்டியைத் தெருமுனை வரைதான் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் 30-க்கு மேல் போகவே முடியாது. திரும்பி வந்து, "கிரவுன் பினியன் போச்சு சார், அப்படியே விட்டா ரோட்டுல லாக் ஆகிடும்" என்றார்கள். கிரவுன் பினியன் என்பது ஹவுசிங்குக்குள் இருக்கும் பற்சக்கர ஜோடி. மலைப்பாதையில் பிள்ளைகளோடு போகிறவனிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் என்ன செய்வான்? சரி, மாற்றுங்கள் என்றேன். புது செட், பேரிங், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 26,500. கையில் கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. பழைய சாமானைக் கேட்டேன், "பழைய இரும்புக்குப் போட்டாச்சு" என்று பதில்.

வண்டியை எடுத்து வந்த அன்றே தெரிந்துவிட்டது. பழைய அதிர்வு கூடியிருந்தது. அதோடு பின்னாலிருந்து புதிதாக ஓர் ஊளைச் சத்தம், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஏறும், விட்டால் இறங்கும். திரும்பப் போய்ச் சொன்னால், "அப்போ கியர்பாக்ஸாத்தான் இருக்கும், இறக்கிப் பார்க்க 9,000 ஆகும்" என்கிறார்கள். அங்கேதான் எனக்கு விளங்கியது. இவர்கள் நோயைத் தேடவே இல்லை, ஒவ்வொரு பாகமாக விற்றுக்கொண்டிருக்கிறார்கள். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊரில் ஒரு பெரியவர், மலைக்கு ஓடும் ஜீப்புகளை முப்பது வருஷத்துக்கு மேல் பார்ப்பவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "தம்பி, எதையும் பிரிக்க வேணாம். நாலு சக்கரத்துக்கும் கல்லு குடுங்க" என்றார்.

அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஜிப்சிக்காரர்களுக்கு உதவும். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாக மூன்று ரப்பர் மவுன்ட்டில் சேஸிஸில் தொங்கும். கியர்பாக்ஸிலிருந்து அதற்கு ஒரு குட்டை ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு. அங்கிருந்து முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆக மூன்று ஷாஃப்ட். பெரியவர் ஃபோர் வீல் கம்பியை நியூட்ரலில் போட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்து நாலாவது கியரில் போட்டு, மெல்ல ரேஸ் கொடுத்தார். சக்கரம் சுற்றவில்லை, முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் சுற்றவில்லை. அந்தக் குட்டை ஷாஃப்ட் மட்டும் சுற்றியது. ரேஸ் ஏற ஏற, நின்ற இடத்திலேயே காலடித் தகடு அதே மாதிரி விர்ரென்று அதிர்ந்தது.

நிற்கிற வண்டியில் அதிர்வு வருகிறது என்றால், டயரும் ஹவுசிங்கும் அதற்குக் காரணமாக இருக்கவே முடியாது. ஐந்து நிமிடம், ஒரு பைசா செலவில்லை. இதை அந்தக் கடையில் செய்திருந்தால் என் ஹவுசிங்கில் யாரும் கை வைத்திருக்கத் தேவையில்லை.

(கல் கொடுப்பதை மட்டும் மறக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியர் போட்டிருந்தாலும் வண்டி உருளும். சரிவில் இதைச் செய்யவே கூடாது.)

குட்டை ஷாஃப்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஒரு முனையின் கிராஸை (ஷாஃப்ட்டைக் கோணத்தில் மடங்கவிடும் சிலுவை வடிவ மூட்டு) அசைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் இலகுவாக மடங்கியது, மறுபக்கம் கட்டிப்போய் விட்டு விட்டுத்தான் மடங்கியது. லாக்கை எடுத்து, கிராஸின் முனையை மூடியிருக்கும் கப்பைத் தட்டி இறக்கினார். உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் தூள் மாதிரி துருப்பொடி. ஊசி பேரிங்குகளில் பாதி பொடிந்திருந்தன. கிராஸின் தண்டில் ஊசி ஊசியாகத் தடம் பதிந்திருந்தது, நகத்தால் தடவினால் சீப்புப் பல் மாதிரி தட்டுப்படும். ஜிப்சி கிங்கில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீலில் போகும்போதே இந்தக் குட்டை ஷாஃப்ட், பின் ஷாஃப்ட்டைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு வேகமாகச் சுற்றும். அதனால் இதில் சின்னக் கோளாறு வந்தாலும் பெரிதாக உலுக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுன்ட்டில் ஒன்று கிழிந்தும் இருந்தது.

அதிர்வு ஏன் கூடியது என்பதற்கும் பதில் கிடைத்தது. ஹவுசிங்கை இறக்கியபோது பின் ஷாஃப்ட்டை ஸ்ப்லைனில் (ஷாஃப்ட்டின் இரண்டு துண்டுகள் பல்லோடு பல்லாகச் செருகும் இடம்) பிரித்திருக்கிறார்கள். மாட்டும்போது அடையாளம் பார்க்கவில்லை. கிராஸைப் பிடித்திருக்கும், ஷாஃப்ட்டின் இரண்டு முனைக் கவட்டைகளும் ஒரே வாட்டத்தில் இருக்க வேண்டும். கோணத்தில் ஓடும் கிராஸ் சீராகச் சுற்றாது, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். கவட்டைகள் நேராக இருந்தால் மறுமுனைக் கிராஸ் அதை ஈடுகட்டிவிடும். என்னுடையதில் ஒன்று நிமிர்ந்தும் மற்றது படுத்தும் இருந்தது. வண்டிக்கடியில் குனிந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். உங்கள் வண்டியில் யாராவது ஷாஃப்ட்டைக் கழற்றினால், கழற்றும் முன்பே இரண்டு பக்கமும் பெயின்ட்டில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.

இரண்டு கிராஸ் 1,400, மூன்று மவுன்ட் 1,650, கூலி 1,200. மொத்தம் 4,250 ரூபாய். அதிர்வு போய்விட்டது.

ஊளைச் சத்தம் மட்டும் போகவில்லை. ஹவுசிங்கைத் திறந்து பார்த்தோம். "புது செட்" என்று போட்டிருந்த கிரவுனின் பற்கள் தேய்ந்து விளிம்பு கட்டியிருந்தன, பல்லின் அடியில் துருக்குழிகள். எங்கோ ஓடி ஓய்ந்த செட் அது. என்னுடைய பழைய செட்டில் ஊளை இருந்ததே இல்லை. அது பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "எங்க வேலைன்னு பில் இருக்கா சார்?" என்றார்கள். பில் கொடுக்காததே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. பணம் அனுப்பிய யூபிஐ பதிவு, அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், திறந்த ஹவுசிங்கின் படங்கள், பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்தேன். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்த இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

இப்போதைக்கு அந்த ஊளையோடுதான் மலையேறுகிறேன். மாதம் ஒரு முறை ஹவுசிங் ஆயிலைக் கொஞ்சம் இறக்கி விரலில் தேய்த்து, இரும்புத் தூள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் பெரியவர். போன ஞாயிறு பார்த்தபோது லேசாக மினுங்கியது.