நர்சிங் ப்ரீரெக் (சேர்வதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய) பாடங்களை "எல்லா காலேஜும் எடுத்துக்கும்" என்று விற்கிறார்கள், கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் கவனம்

கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் சேரலாம் என்று யோசிக்கிற நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் கணவரின் வேலை விசாவைச் சார்ந்து ஹெச்4 விசாவில் வீட்டில் இருப்பவர்கள், கிரீன் கார்டு வந்த கையோடு "இனியாவது ஏதாவது படிக்கலாம்" என்று கிளம்புபவர்கள் கட்டாயம் படியுங்கள். ஏனென்றால் வலை விரித்திருப்பதே உங்களுக்குத்தான். ஒரு தனியார் ஆன்லைன் பள்ளியையும் அதற்கு ஆள் சேர்க்கிறவரையும் நம்பி நான் மொத்தம் 6,100 டாலர் கொடுத்தேன், திரும்பி வந்தது 1,100. பணம் ஒரு பக்கம் என்றால், ஒரு வருட அட்மிஷன் சுற்று அப்படியே கையைவிட்டுப் போனது.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. கம்யூனிட்டி காலேஜ் என்கிற குறைந்த கட்டண அரசுக் கல்லூரியில் நர்சிங்குக்குத் தருவது ஏ.டி.என். என்கிற இரண்டு வருட அசோசியேட் டிகிரி. அதை முடித்தவர்களும் நான்கு வருட பி.எஸ்.என். முடித்தவர்களும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் ஆர்.என். தேர்வுதான், கிடைப்பதும் ஒரே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ்தான். கலிஃபோர்னியாவில் குடியிருப்பு நிரூபித்தவர்களுக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடுகிற அலகு) 46 டாலர் கட்டணம். ஹெச்4-இல் இருப்பவர்களும் ஒரு வருடத்துக்கு மேல் இங்கே இருந்து அதற்கான தாள்களைக் காட்டினால் இந்தக் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். இதையே பலர் நம்பமாட்டேன் என்கிறார்கள். விலை இப்படி இருந்தால் கூட்டம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வருடம் என்பது பெயருக்குத்தான். உள்ளே போவதற்கு முன்பே அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி மூன்றும் லேபோடு முடித்திருக்க வேண்டும், அதோடு ஆங்கிலம், பல இடங்களில் சைக்காலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று காலேஜுக்குக் காலேஜ் மாறும். பல இடங்களில் குறைந்தபட்ச ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) 2.5, டீஸ் என்கிற நுழைவுத்தேர்வில் 62 சதவீதம். இதெல்லாம் விண்ணப்பம் போடத்தான், சீட்டுக்கு இல்லை. சீட்டைச் சில காலேஜ்கள் பாயிண்ட் போட்டுத் தருகின்றன, சில குலுக்கல் போடுகின்றன. இதில் முதல் முட்டுக்கட்டையே அனாடமி வகுப்பில் இடம் கிடைப்பதுதான். ஏற்கெனவே நிறைய யூனிட் முடித்தவர்கள் முதலில் பதிவு செய்வார்கள், புதிதாகச் சேர்ந்தவருக்குத் தேதி வரும்போது லேப் எல்லாம் நிரம்பியிருக்கும். வெயிட் லிஸ்டில் பெயரைப் போட்டுவிட்டு முதல் நாள் வகுப்பு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் ஒரு அக்கா வந்தார். தமிழ்ப் பெண்கள் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் "நர்சிங் கைடன்ஸ்" என்று போட்டிருந்தார். பேசினால் அப்படி ஒரு பாசம். "ஏன்மா அங்க போய் வரிசையில நிக்கறீங்க, ஒரு அனாடமிக்கே ஒரு வருஷம் போயிடும். நான் சொல்ற ஸ்கூல்ல ஆன்லைன்லயே அஞ்சு வாரத்துக்கு ஒரு பாடம், லேபும் ஆன்லைன், எல்லா காலேஜும் எடுத்துக்கும். நம்ம பொண்ணுங்க எத்தனையோ பேர் முடிச்சிட்டாங்க." அந்த எத்தனையோ பேரில் ஒருவருடைய நம்பராவது கொடுங்கள் அக்கா என்று நான் கேட்டேன். "பிரைவசி மா" என்றார். ஊர் எது என்று விசாரித்து, தன் மாமியார் வீடும் அங்கேதான் என்று சொல்லி, பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பி, ஒரு மாதத்துக்குள் சொந்த அக்காவே ஆகிவிட்டார். கைடன்ஸ் கட்டணம் 500, அதை வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்புகிற ஜெல் (Zelle) வழியாக அனுப்பச் சொன்னார். பாடம் ஒன்றுக்கு 1,750 வீதம் மூன்று பாடம், அது பள்ளிக்கு நேராகக் கிரெடிட் கார்டில். கம்யூனிட்டி காலேஜில் நான்கு யூனிட் அனாடமி 184 டாலர் என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியிலிருந்து பேசிய அட்மிஷன் ஆளிடம் அங்கீகாரம் பற்றி நான் நேராகவே கேட்டேன். அவர் இரண்டு பதில் சொன்னார். இரண்டுமே பொய் இல்லை, அதுதான் இதில் பெரிய சாமர்த்தியம். ஒன்று, "நாங்கள் ஸ்டேட் அப்ரூவ்ட்." தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கிற மாநில பீரோ ஒன்று இருக்கிறது, பி.பி.பி.இ. என்பார்கள். அதன் அனுமதி இருந்தது உண்மை. ஆனால் அது மாநிலத்தின் குறைந்தபட்ச விதிகளுக்கு உட்பட்டுப் பள்ளி நடத்தலாம் என்கிற அனுமதி மட்டுமே, அங்கே படித்த யூனிட்டை வேறு காலேஜ் ஏற்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டாவது, "ரீஜனல், நேஷனல் என்ற வித்தியாசத்தையே மத்திய அரசு 2020-இல் எடுத்துவிட்டது." இதுவும் உண்மை, காலேஜ்களுக்குத் தர முத்திரை தருகிற அங்கீகார அமைப்புகளைக் கல்வித்துறை அப்படி வட்டார அமைப்பு, தேசிய அமைப்பு என்று இரண்டாகப் பிரிப்பதை 2020 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அவர் சொல்லாமல் விட்டது என்னவென்றால், எந்த யூனிட்டை ஏற்பது என்பது இன்றைக்கும் அந்தந்தக் காலேஜின் சொந்த முடிவு, பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்கள் இன்னமும் பழைய பிரிவினையை வைத்துத்தான் ரீஜனல் என்றால் ஏற்பதும் நேஷனல் என்றால் தள்ளுவதும்.

அனாடமியும் பிசியாலஜியும் முடித்தேன், இரண்டிலும் ஏ. மைக்ரோபயாலஜி ஓடிக்கொண்டிருந்தபோது எங்கள் காலேஜின் நர்சிங் விண்ணப்பம் திறந்தது, டிரான்ஸ்கிரிப்டை அனுப்பினேன். பதில் இரண்டே வரி. அந்தப் பள்ளியின் அங்கீகாரம் ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லை, லேப் நேரடியாக நடந்திருக்க வேண்டும், ஆகவே ப்ரீரெக் முடிக்காத விண்ணப்பமாகக் கருதித் தள்ளுபடி. கோவிட் காலத்தில் ஆன்லைன் லேபைச் சில காலேஜ்கள் ஏற்றுக்கொண்டன, சில இன்னமும் ஏற்கின்றன. அதைக் காட்டித்தான் இவர்கள் "எல்லா காலேஜும்" என்கிறார்கள்.

அக்காவிடம் கேட்டால் "அப்படியா, எனக்கே இப்பதான் தெரியும்" என்றார். பள்ளி என்ன செய்தது தெரியுமா, ஒப்பந்தத்தை அனுப்பி அதில் ஒரு பத்தியை மஞ்சள் அடித்துக் காட்டியது. இங்கே வாங்கிய யூனிட்டை ஏற்பதா வேண்டாமா என்பது நீங்கள் சேரப்போகிற நிறுவனத்தின் முழு விருப்பம் என்று பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு. கலிஃபோர்னியா சட்டப்படி பி.பி.பி.இ. கண்காணிப்பில் வருகிற ஒவ்வொரு தனியார் பள்ளியும் இந்த அறிவிப்பைப் போட்டே ஆக வேண்டும். ஆக, தாளில் சட்டத்துக்கு ஒன்று, போனில் வியாபாரத்துக்கு ஒன்று. போனில் சொன்னதை மெயிலில் எழுதித் தாருங்கள் என்று யாராவது கேட்டால் இவர்கள் பேச்சு மாறுவதைக் கவனியுங்கள், "உங்கள் காலேஜிடம் உறுதி செய்துகொள்ளவும்" என்று உடனே பின்வாங்குவார்கள்.

இதோடு விட்டார்களா? அதே வாரத்தில் அட்மிஷன் ஆள் மறுபடி கூப்பிட்டு, அதே பள்ளிக் குழுமத்தின் சொந்த ஆர்.என். படிப்பில் சேர்ந்தால் இந்த யூனிட் எல்லாம் அப்படியே ஏற்கப்படும் என்றார். கட்டணம் 70,000 டாலருக்கு மேல், கல்விக் கடனுக்கும் அவரே ஏற்பாடு செய்வாராம். மீனைப் பிடித்தவன் குழம்புக்கு மசாலாவும் அரைத்து வைத்திருக்கிறான். மாநில நர்சிங் போர்டின் இணையதளத்தில் அனுமதி பெற்ற எல்லா ஆர்.என். படிப்புகளின் பட்டியலும் இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன், இந்தப் பெயர் இல்லை. கேட்டதற்கு "அனுமதி நடைமுறையில் இருக்கிறது" என்றார். போர்டு அனுமதி இல்லாமல் கலிஃபோர்னியாவில் நடக்கிற படிப்பை முடித்து இங்கே என்கிளெக்ஸ் எழுத முடியாது. எழுபதாயிரம் கடனோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்தப் பட்டியலோடு ஒவ்வொரு படிப்பிலும் முதல் முறை எழுதியவர்களில் எத்தனை சதவீதம் தேறினார்கள் என்பதையும் போர்டு வருடாவருடம் வெளியிடுகிறது, 75 சதவீதத்துக்குக் கீழே போனால் போர்டு அந்தப் படிப்பைக் கேள்வி கேட்கும். பள்ளிக்காரர் கையில் இருக்கிற பளபள புத்தகத்தைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் சொல்லும்.

2023 ஜனவரியில் ஃபுளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகள் வழியாக 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்கள் விற்கப்பட்டதாக மத்திய அரசு 25 பேர் மேல் வழக்குப் போட்டது ஞாபகம் இருக்கும். அதற்கு ஆபரேஷன் நைட்டிங்கேல் என்று பெயர். என் கதை அந்த அளவு இல்லை, பாடம் நிஜமாகவே நடத்தினார்கள், அனாடமி வாத்தியார் நல்லவர்தான். அதனால்தான் இதை மோசடி என்று நிரூபிப்பதும் கஷ்டமாக இருக்கிறது.

ஊரில் வாங்கிய பட்டத்தை வைத்தும் அக்கா ஒரு காசு பார்த்தார். நான் கோவையில் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி. "என் ஆள் மதிப்பீடு பண்ணிக் கொடுப்பார், அந்த கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ் எல்லாம் அப்படியே கழிஞ்சிடும்" என்று 350 டாலர். வெளிநாட்டு மார்க் ஷீட்டை எங்கள் காலேஜ் நேசஸ் என்கிற சங்கத்தில் உறுப்பினரான நிறுவனங்கள் மதிப்பிட்டால் மட்டுமே பார்க்கும், உதாரணத்துக்கு வெஸ் (WES) என்கிற நிறுவனம். அக்காவின் ஆள் அதில் இல்லை. அதுவும் போக, அறிவியல் பாடம் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று பல காலேஜ்களில் விதி உண்டு, எனக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. அப்புறம் "ஹெல்த் ஃபைல் பேக்கேஜ்" என்று தடுப்பூசி, டி.பி. டெஸ்ட், குற்றப் பின்னணிச் சோதனை எல்லாம் சேர்த்து இன்னொன்று விற்கப் பார்த்தார். அதெல்லாம் எங்கள் காலேஜில் சீட் கிடைத்த பிறகுதான் கேட்பார்கள். இன்னொன்று, குழந்தையில் பி.சி.ஜி. என்கிற டி.பி. தடுப்பூசி போட்ட நம் ஆட்களுக்குத் தோலில் குத்திப் பார்க்கிற டி.பி. டெஸ்டில் பொய்யாகப் பாசிட்டிவ் வர வாய்ப்பு இருக்கிறது, ரத்தப் பரிசோதனையாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், வீணாகப் பயந்து அலைய வேண்டாம்.

காசு வாங்கிக்கொண்டு அவர் ஒரு தடவைகூடச் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது, இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பாயிண்ட் முறையில் சீட் தருகிற காலேஜ்கள் எதையெல்லாம் கணக்கில் எடுக்கலாம் என்று மாநிலச் சட்டத்திலேயே இருக்கிறது. மதிப்பெண், மருத்துவமனை வேலை அல்லது தன்னார்வ அனுபவம், ஏற்கெனவே உள்ள பட்டம், குடும்ப வருமானம் போன்றவற்றோடு ஆங்கிலம் அல்லாத மொழித் திறனும் அதில் உண்டு. இந்தியத் துணைக்கண்ட மொழிகளும் அந்த வரிசையில் வருகின்றன. நம் தமிழுக்குப் பாயிண்ட்! எப்படி நிரூபிப்பது, எத்தனை பாயிண்ட் என்பதைக் காலேஜின் நர்சிங் பக்கத்தில் பாருங்கள். ஐநூறு டாலர் கைடன்ஸில் இது வராது, நர்சிங் துறை நடத்துகிற இலவச அறிமுகக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடத்திலேயே சொன்னார்கள்.

பணம் திரும்ப வந்த கதை சுருக்கமாக. மைக்ரோபயாலஜியைப் பாதியிலேயே நிறுத்தி, எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்தேன். பாடத்தில் 60 சதவீதம் தாண்டாமல் விலகினால் மீதிக்கான கட்டணத்தைத் தர வேண்டும் என்று விதி. முதலில் "எங்கள் கொள்கைப்படி கிடையாது" என்றவர்கள், பி.பி.பி.இ.-யில் புகார் போட்டு அந்த எண்ணைக் குறிப்பிட்டு மெயில் அனுப்பியதும் 1,100 அனுப்பினார்கள். முடித்த இரண்டு பாடத்துக்குக் கார்டு நிறுவனத்திடம் முறையிட்டேன், பாடம் நடந்திருக்கிறது என்று கைவிரித்துவிட்டார்கள். ஜெல்லில் போனது போனதுதான், நீங்களாக அனுப்பிய பணம் என்று வங்கி ஒரே வார்த்தையில் முடித்துவிடும். யாராவது கைடன்ஸுக்கு ஜெல்லில் மட்டும் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அக்கா என்னை பிளாக் செய்துவிட்டார். ஆள் சேர்த்துக் கொடுப்பதற்குப் பள்ளியிடமும் அவருக்குக் கமிஷன் உண்டு என்பது குழுவிலிருந்து வெளியேறிய இன்னொரு பெண் சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது யாராவது உங்களுக்கு இந்த மாதிரி பேக்கேஜ் காட்டினால், பணம் கட்டுவதற்கு முன்பு நீங்கள் சேர விரும்புகிற காலேஜின் நர்சிங் கவுன்சிலருக்கு ஒரு மெயில் போடுங்கள். பள்ளியின் முழுப்பெயர், பாடத்தின் எண், லேப் எப்படி நடக்கிறது, மூன்றையும் எழுதி "இதை நர்சிங் ப்ரீரெக்காக ஏற்பீர்களா" என்று கேளுங்கள். பதில் வர ஒரு வாரம் இரண்டு வாரம் ஆகும், அதற்குள் "ஆஃபர் இன்றோடு முடிகிறது" என்று இங்கே நச்சரிப்பார்கள், நச்சரிக்கட்டும். பக்கத்து ஊர் காலேஜ்களிலும் அனாடமி தேடுங்கள், ஒரு கம்யூனிட்டி காலேஜில் படித்ததை மற்றொன்று பொதுவாகத் தடையில்லாமல் ஏற்கும். எனக்கு அப்படித்தான் நாற்பது நிமிட டிரைவில் இரவு லேபில் இடம் கிடைத்தது. அதே எலும்பு, அதே தசை, மறுபடியும்.

எந்தக் காலேஜுக்குப் போடுகிறீர்கள், ஊரில் என்ன பட்டம், எந்த வருடம் முடித்தீர்கள் என்று கீழே எழுதினால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தப் பள்ளியின் பெயரையும் அக்காவின் பெயரையும் மட்டும் இங்கே கேட்காதீர்கள், புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது.