மோட்டுல் ஆர்பிஎஃப் 600 பிரேக் ஆயில் ரிவ்யூ: ஆக்டேவியா ஆர்எஸ் 230ல நானே மாத்தி ஓட்டிப் பாத்தது

ஸ்பீடான கார் வச்சிருக்கவங்க நாலு பேர் கூடினா பேச்சு நேரா இன்ஜின் ஆயிலுக்குத்தான் போகும். 5டபிள்யூ-30யா 5டபிள்யூ-40யா, எஸ்டர் பேஸா, அஞ்சாயிரத்துல மாத்தலாமா பத்தாயிரத்துல மாத்தலாமான்னு மணிக்கணக்கா ஓடும். பிரேக் ஆயில் என்ன ஊத்திருக்கீங்க, கடைசியா எப்ப மாத்துனீங்கன்னு கேட்டா பாதி பேருக்கு பதில் தெரியாது. என்கிட்ட இருக்கறது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230, 2017ல வந்த வண்டி, 2.0 டிஎஸ்ஐ, 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர் டார்க். இந்த வண்டிக்கு கையில இருக்கற காசுல முதல்ல எதுக்கு செலவு பண்ணணும்னு கேட்டா யோசிக்காம பிரேக் ஆயிலுக்குன்னுதான் சொல்லுவேன். அதனால இந்த ரிவ்யூல முக்கால்வாசி அதுதான்.

முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன். பிரேக் ஆயில் கிரேடுங்களான டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூணுமே கிளைக்கால் ஈதர் வகை, காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், மூடி போட்டு வச்சாலும் ஹோஸ் வழியா கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டேதான் இருக்கும். புதுசா டப்பாவுல இருந்து ஊத்தும்போது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாது, அதே ஆயில்ல 3.7 சதவீதம் தண்ணி ஏறிட்டா அந்த லிமிட் 155 டிகிரிக்கு இறங்கிடும், ஸ்டாண்டர்டே அப்படித்தான் வச்சிருக்காங்க. டாட் 5.1க்கு அது 260, 180. மோட்டுல் ஆர்பிஎஃப் 600க்கு கம்பெனி கொடுக்கற டிரை பாயிண்ட் (புது ஆயில் கொதிக்கற சூடு) 312 டிகிரி, வெட் பாயிண்ட் (தண்ணி ஏறினப்புறம் கொதிக்கற சூடு) 200 டிகிரிக்கு மேல. வால்பாறைல இருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவு இறங்கறப்போ பின்னாடி பஸ், முன்னாடி லாரின்னு காலை பிரேக்லயே வச்சு வந்தா காலிப்பர்ல (பேடு வச்சு டிஸ்க்கை கவ்விப் புடிக்கற பாகம்) சூடு எவ்வளவு ஏறும்னு நெனச்சுப் பாருங்க. ஆயில் கொதிச்சா உள்ள ஆவிக் குமிழ் உண்டாகும், திரவம் அமுங்காது ஆனா ஆவி அமுங்கும், அதனால பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. மசினகுடி கல்லட்டி மலைப்பாதைல 36 வளைவு, வெளியூர் வண்டிங்களை ஊட்டில இருந்து அந்தப் பக்கமா இறங்க விடமாட்டேங்கறாங்கன்னா சும்மா இல்ல.

இங்க ஒண்ணு தெளிவா தெரிஞ்சுக்கணும், பிரேக் புடிக்கலன்னா ரெண்டு காரணம் இருக்கு. பெடல் கெட்டியா இருக்கு ஆனா வண்டி நிக்கலன்னா பேடு சூடாகி ஃபேடு ஆகுது, அதாவது பேடோட பிடிப்பு குறையுது, அதுக்கு என்ன ஆயில் ஊத்தினாலும் பிரயோஜனமில்ல, பேடுதான் மாத்தணும். பெடல் நீளமா போகுது, ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணா கொஞ்சம் மேல வருதுன்னா அது ஆயில் கொதிச்சது. இதை பிரிச்சுப் பாக்காம நேரா பெரிய டிஸ்க் கிட் வாங்கி காசை போட்டவங்க நிறைய பேர் இருக்காங்க.

என் வண்டில ரெண்டு வருஷமான பழைய ஆயில் இருந்தப்போ செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல ஓட்டிப் பாத்தேன், அங்க டிராக் 2.1 கிமீ தான், அடிக்கடி வளைவு வர்றதால பிரேக் ஆறவே டைம் கிடைக்காது. கொஞ்ச லேப்லயே பெடல் இறங்க ஆரம்பிச்சுது, பேடு இன்னும் நல்லா இருந்துச்சு. ஆர்பிஎஃப் 600 ஊத்தினதுக்கு அப்புறம் அதே பேடு, அதே டிஸ்க், அதே டயர், பெடல் முதல் லேப்ல எங்க புடிச்சுதோ கடைசி லேப்லயும் அங்கயே புடிச்சுது. எனக்கு அதுதான் வேணும். வண்டி வேகமா ஆகல, நிறுத்தற தூரம் அதிசயமா குறையவும் இல்ல, ஆனா காலுக்கு நம்பிக்கை வந்துச்சு.

மாத்தற வேலை வீட்லயே பண்ணக் கூடியதுதான், ஆனா அவசரப்படக் கூடாத வேலை. முழுசா ஃப்ளஷ் பண்ண ஒரு லிட்டர் வச்சுக்கோங்க, அதாவது அரை லிட்டர் டப்பா ரெண்டு. சமமான சிமெண்ட் தரைல வண்டியை நிறுத்தி ஜாக்கி போட்டு ஸ்டாண்டு கொடுத்துட்டுத்தான் சக்கரம் கழட்டணும், வெறும் ஜாக்கில நிக்கற வண்டிக்கு பக்கத்துல உக்காரவே கூடாது. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அமுக்கினா ஆயிலை தள்ற பாகம்) மேல இருக்கற டப்பால பழைய ஆயிலை சிரிஞ்ச் வச்சு உறிஞ்சிட்டு புதுசை ஊத்தி, அப்புறம் ஒவ்வொரு காலிப்பரா நிப்பிள்ல (ஆயிலை வெளிய விடற சின்ன திருகு) ரிங் ஸ்பேனர் போட்டு, மேல டிரான்ஸ்பரண்ட் டியூப் மாட்டி ஏர் எடுக்கணும். எந்த சக்கரத்துல ஆரம்பிக்கணுங்கறது வண்டிக்கு வண்டி மாறும், உங்க வண்டி ஒர்க்‌ஷாப் மேனுவல்ல இருக்கற வரிசைல போங்க.

உதவிக்கு தம்பியை சீட்ல உக்கார வச்சேன். "அமுக்குடா... அப்படியே புடிச்சுக்கோ", நான் நிப்பிளை கால் சுத்து திறப்பேன், பெடல் உள்ள போகும், "கீழ போயிருச்சுண்ணா", நான் மூடுவேன், "இப்ப விடு". நான் மூடறதுக்கு முன்னாடி அவன் காலை எடுத்தா டியூப்ல இருந்து காத்து திரும்ப உள்ள போகும், அதனால வாய் விட்டு சொல்லிச் சொல்லித்தான் பண்ணணும். இன்னொண்ணு, பெடலுக்கு அடியில ஒரு கட்டை வச்சுக்கோங்க, ஓடின வண்டில பெடலை தரை வரைக்கும் அமுக்கினா மாஸ்டர் சிலிண்டர் சீல் இதுவரைக்கும் போகாத இடத்துக்கு போய் கிழியறதுக்கு வாய்ப்பு இருக்கு. டியூப்ல முதல்ல டிகாஷன் கலர்ல வந்துச்சு, நடுவுல சின்னச் சின்ன குமிழ், அப்புறம் மெதுவா வெளுத்து வெளிர் மஞ்சளா மாறுச்சு, அந்தக் கலர் மாற்றம்தான் உங்களுக்கு அடையாளம், அதுக்கப்புறமும் கொஞ்சம் விட்டுட்டு மூடுங்க. ஆளே இல்லாம தனியா பண்றவங்க பிரஷர் பிளீடர் (மேல இருந்து அழுத்தம் கொடுத்து ஆயிலை தள்ற கருவி) வாங்கிக்கலாம், ஒரு பார் பிரஷருக்கு மேல ஏத்த தேவையே இல்ல.

ரொம்ப முக்கியமானது, மேல டப்பா காலியாக விடவே கூடாது. காலியாகி ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள காத்து போச்சுன்னா ஸ்கேன் டூல் (வண்டியோட கம்ப்யூட்டர்ல இணைக்கற கருவி) போட்டு பம்ப்பை ஓட்டித்தான் எடுக்க முடியும், சும்மா பெடல் அமுக்கி வராது. ஆயில் பெயிண்ட்ல பட்டா உடனே நிறைய தண்ணி ஊத்தி கழுவுங்க, துணி வச்சு தேய்ச்சுக்கிட்டு நிக்காதீங்க, பெயிண்டை தின்னுடும். எடுத்த பழசை பழைய இன்ஜின் ஆயிலோட கலக்காம தனி கேன்ல வச்சு ஒர்க்‌ஷாப்ல கொடுத்துடுங்க, சாக்கடைல ஊத்தாதீங்க.

இப்போ குறை என்னன்னு சொல்றேன். விலை சாதா டாட் 4 விட பல மடங்கு. அதைவிட பெரிய விஷயம், இது ரேசிங் ஆயில், ஊத்திட்டு ரெண்டு வருஷம் மறந்துடறதுக்கு இல்ல. நம்ம ஊர் மழைக்காலம் தாண்டினா மாத்திடறது நல்லது, டிராக் போறவங்க அதுக்கும் முன்னாடியே மாத்துவாங்க. வருஷா வருஷம் மாத்த முடியாதுன்னா இதை வாங்காதீங்க, நிஜமா சொல்றேன், நாலு வருஷம் பழைய 312 டிகிரி ஆயிலை விட போன மாசம் ஊத்தின நல்ல டாட் 4 எவ்வளவோ மேல். அப்புறம் ஸ்கோடாவும் சேர்ந்த ஃபோக்ஸ்வாகன் குரூப் வண்டிங்களுக்கு கம்பெனி கேக்கறது குறைஞ்ச பிசுபிசுப்பு உள்ள டாட் 4, விடபிள்யூ 501 14 ஸ்பெக், வண்டி சறுக்காம பாத்துக்கற ஈஎஸ்பி வால்வு எல்லாம் வேகமா திறந்து மூடறதுக்காக. ஆர்பிஎஃப் 600 அந்த வகை இல்ல, அதைவிட கெட்டி. அந்த வித்தியாசம் கடுங்குளிர்லதான் பெருசா வரும், கோயம்புத்தூர் வெயில்ல எனக்கு ஏபிஎஸ் வேலை செய்யறதுல ஒரு மாற்றமும் தெரியல, ஆனாலும் டிராக் போகாம ஆபீஸ், ஹைவே, வருஷத்துக்கு சில தடவ ஊட்டின்னு ஓட்றவங்களுக்கு 501 14 ஆயிலோ நல்ல டாட் 5.1ஓ போதும், அதுதான் சரியும் கூட. டாட் 5னு தனியா ஒண்ணு இருக்கு, அது சிலிகான், டாட் 5.1 இல்ல, பேர் ஒரே மாதிரி இருக்குன்னு மாத்தி ஊத்திடாதீங்க.

மத்த ஆயில் பத்தி சுருக்கமா. இன்ஜினுக்கு 5.7 லிட்டர் புடிக்கும், ஃபில்டர் மேலயே இருக்கறதால வேலை சுலபம், டப்பால விடபிள்யூ 502 00 அப்ரூவல் போட்டிருக்கற 5டபிள்யூ-40 எதை ஊத்தினாலும் சரி, அப்ரூவலே இல்லாத ரேசிங் ஆயிலை ரோடு வண்டில ஊத்த வேண்டிய அவசியம் இல்ல. 508 00னு வர்ற 0டபிள்யூ-20 ஆயில் புது இன்ஜினுக்கானது, இந்த வண்டிக்கு வேண்டாம். கூலண்ட் ஜி13, இல்ல அதுக்கு அடுத்து வந்த ஜி12 ஈவோ, கூட டிஸ்டில்டு வாட்டர், பெட்ரோல் பங்க்ல கிடைக்கற பச்சைக் கூலண்டை மேல ஊத்தி கலக்காதீங்க.

டிஎஸ்ஜி, அதாவது ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ், மட்டும் கொஞ்சம் கவனமா பாக்கணும். இதுல இருக்கறது ஆறு கியர் வெட் கிளட்ச் (கிளட்ச் ஆயில்லயே ஊறி ஓடற வகை) டிக்யூ250, 60,000 கிமீக்கு ஒரு தடவ ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும். லெவல் பாக்கறப்போ இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கணும், ஆயில் சூடு 35ல இருந்து 45 டிகிரிக்குள்ள இருக்கணும், அதை ஸ்கேன் டூல்ல பாத்துக்கிட்டேதான் பண்ண முடியும். வண்டியை நாலு பக்கமும் ஒரே மட்டத்துல தூக்கி நிறுத்த வசதி இல்லாதவங்க இந்த ஒரு வேலையை மட்டும் தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்ல கொடுத்துடுங்க, ஆனா பக்கத்துலயே நின்னு பாருங்க, டெம்பரேச்சர் பாக்காம ஊத்தி மூடற இடமும் இருக்கு.

ஆர்பிஎஃப் 600க்கு என் மார்க் பத்துக்கு ஒம்பது, டிராக்குக்கும் மலைக்கும் தொடர்ந்து போறவங்களுக்கு மட்டும். வாங்கும்போது மூடி சீல் உடையாம இருக்கான்னு பாத்து வாங்குங்க, திறந்து மிச்சமானதை அடுத்த வருஷத்துக்குன்னு எடுத்து வைக்காதீங்க. மாத்தின தேதியை டேப்ல எழுதி மாஸ்டர் சிலிண்டர் டப்பா மேல ஒட்டிடுங்க, அடுத்து வண்டியை தொடற மெக்கானிக் அண்ணனுக்கும் உள்ள என்ன ஆயில் இருக்குன்னு தெரியும்.