சென்னை–கோவை: 70 நிமிட விமானமா, 6 மணி நேர ரயிலா?

மாதம் ஒருமுறை வேலையாகக் கோவை போய் வருகிறேன். முதல் வருடம் முழுக்க விமானம்தான். இப்போது வந்தே பாரத். விமானத்தில் 1 மணி 10 நிமிடம், ரயிலில் 6 மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

சரி, அந்த 70 நிமிடத்தையே பார்ப்போம். நேர்க்கோட்டில் இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 400 கி.மீ.தான். தண்டவாளம் சுற்றிப் போவதால் கிட்டத்தட்ட 500. விமானம் பறக்கிற வேகத்துக்கு 400 கி.மீ. பெரிய தூரமில்லை. ஆனால் டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நின்ற இடத்திலிருந்து நகர்ந்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து, அங்கே இறங்கிப் போய் நிற்கும் வரைக்குமான நேரம். நாம் வீட்டுக் கதவைப் பூட்டியது அதில் வராது.

என் வீடு பெரம்பூர். பதினொன்றரை மணி விமானத்துக்கு எட்டே முக்காலுக்கே கிளம்ப வேண்டும். மீனம்பாக்கம் போக ஒரு மணி நேரத்துக்கு மேல். பெட்டி போடும் கவுன்டரை ஒரு மணி நேரம் முன்னாலேயே மூடிவிடுவார்கள். கோவையில் பெட்டிக்குக் காத்திருந்து, பீளமேட்டிலிருந்து காந்திபுரம் போய்ச் சேரும்போது ஒன்றரை ஆகிவிடும். மொத்தம் நாலே முக்கால் மணி நேரம். ரயிலில் அதே கணக்கு ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக, மிச்சம் இரண்டு மணி நேரம்தான்.

அந்த இரண்டு மணி நேரத்தை ஏன் விட்டுக்கொடுத்தேன்? விமானப் பயணத்தின் நாலே முக்கால் மணி நேரம் சில்லறையாகத்தான் கைக்கு வரும். காரில் கொஞ்சம், வரிசையில் கொஞ்சம். பெல்ட்டைக் கழற்றி, லேப்டாப்பை வெளியே எடுத்துத் தட்டில் வைத்து, மறுபடி உள்ளே திணித்து, கேட்டுக்கு நடந்து, உட்கார்ந்து நாலு வரி படிப்பதற்குள் போர்டிங் அறிவிப்பு. மேலே போனதும் லேப்டாப்பைத் திறந்தால் அரை மணியில் மூடச் சொல்வார்கள். ஒரு வருடத்தில் ஒரு அறிக்கையைக்கூட நான் வழியில் முடித்ததில்லை. ரயிலிலோ மதியம் சென்ட்ரலில் ஏறி உட்கார்ந்தால் சேலம் வரும் வரை யாரும் எழுப்ப மாட்டார்கள். போன மாதம் காலாண்டுக் கணக்கு முழுவதையும் ஈரோட்டுக்குள் முடித்துவிட்டேன். திருப்பூர் தாண்டும்போது சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்று, சிக்னலை நம்பி வீடியோ மீட்டிங் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கட்டணத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி நேரத்தில் விமானம் எகிறும், எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என் கணக்கு எல்லோருக்கும் ஒத்துவராது. பல்லாவரம், குரோம்பேட்டைக்காரர்களுக்கு விமானமே லாபமாக இருக்கலாம். கோவையில் வேலை பீளமேட்டிலேயே என்றால் இன்னும் லாபம். நான் தனி ஆளாகப் போகிறவன். கைக்குழந்தையோடு போகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திரும்பும்போதுதான் எனக்கே தடுமாற்றம். கோவையில் வந்தே பாரத் காலை 6 மணிக்கு. முந்தின நாள் வேலை இழுத்துவிட்டால் நாலரைக்கு அலாரம் வைக்க மனசு வராது. அப்போது ராத்திரியே சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்துவிடுவேன், கீழ் பெர்த் கிடைத்தால்.