கேட்டுவிட்டு எடுப்பதா, எடுத்தபின் தடுப்பதா? குக்கி விஷயத்தில் ஐரோப்பாவும் கலிஃபோர்னியாவும்

அம்மா போனில் முட்டிவலி பெல்ட் ஒன்றைத் தேடிப் பார்த்தார், வாங்கவில்லை. அடுத்த பத்து நாளும் சமையல் குறிப்பைத் திறந்தாலும் ராசிபலனைத் திறந்தாலும் ஓரத்தில் அந்த பெல்ட்தான். "எனக்கு முட்டி வலிக்குதுன்னு இவங்களுக்கு யாருப்பா சொன்னா?" என்று கேட்டார். இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது மூன்றாம் தரப்பு குக்கிதான். நாம் போன தளம் வைப்பதல்ல அது. அந்தத் தளத்தில் விளம்பரம் காட்டும் நிறுவனம் நம் பிரவுசரில் போட்டு வைக்கிற அடையாளச் சீட்டு. அதே நிறுவனம் இன்னும் பல தளங்களிலும் இருப்பதால், எங்கே போனாலும் சீட்டைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறது.

இதற்குக் கடிவாளம் போட இரண்டு பெரிய சட்ட வழிகள் இருக்கின்றன, இரண்டும் நேரெதிர்.

ஐரோப்பாவில் கேட்காமல் குக்கி வைக்கக் கூடாது, தளம் இயங்கவே தேவையானவை மட்டும் விலக்கு. 2009இல் திருத்திய விதி இதைச் சொன்னது, 2018 மே 25 முதல் அமலான ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் என்றால் என்ன என்பதை இறுக்கியது, முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டி சம்மதமே ஆகாது என்று 2019இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. கொள்கை நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நடைமுறையில் ஒவ்வொரு தளமும் வாசலிலேயே மறித்துக் கேட்கிறது. "எல்லாம் ஏற்கிறேன்" பளிச்சென்ற பட்டனில் இருக்கும், மறுக்க வேண்டுமானால் வெளிறிய எழுத்தைத் தேடி அமுக்கி உள்ளே போய் இன்னொரு பக்கம் பார்க்க வேண்டும். இதற்காகத்தான் 2022 ஜனவரியில் பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. ஃபேஸ்புக்கில் மறுப்பதற்கான பட்டன் இரண்டாவது பக்கத்தின் அடியில் இருந்தது, அதன் மேல் எழுதியிருந்த வாசகமோ "குக்கிகளை ஏற்கவும்". படித்தவரே குழம்பிவிடும் இடத்தில் பெற்ற சம்மதத்தை எப்படிச் சம்மதம் என்பது?

கலிஃபோர்னியா வழி வேறு. 2020 ஜனவரி 1இல் அமலான சட்டப்படி தகவலை எடுக்கலாம், ஆனால் விற்காதே என்று நாம் சொன்னால் நிறுத்த வேண்டும். 16 வயதுக்குட்பட்டவர்கள் விஷயத்தில் மட்டும் விற்பதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். அதாவது சும்மா இருப்பவரின் தகவல் போய்க்கொண்டேதான் இருக்கும். எனக்கு இது பிடிக்கவில்லை. அப்புறம் ஒரு விஷயம் மனதை மாற்றியது: குளோபல் பிரைவசி கன்ட்ரோல். பிரவுசரில் ஒரே ஒரு முறை போட்டுவிட்டால் போதும், போகிற தளத்துக்கெல்லாம் "விற்காதே" என்ற சிக்னலை அதுவே அனுப்பிவிடும், அதை மதிப்பது அங்கே சட்டக் கடமை. இந்தச் சிக்னலை மதிக்கவில்லை என்பது உட்பட சில குற்றச்சாட்டுகளுக்காக அழகுப் பொருள் விற்கும் செஃபோரா நிறுவனம் 2022இல் 12 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2027 ஜனவரி 1 முதல் பிரவுசர்களிலேயே இந்த வசதி இருந்தாக வேண்டும் என்றும் அங்கே சட்டம் வந்துவிட்டது.

ஆக, ஆரம்ப நிலை 'வேண்டாம்' என்று இருப்பதில் ஐரோப்பா மேல், அந்த 'வேண்டாம்' என்பதைச் சொல்லும் சுலபத்தில் கலிஃபோர்னியா மேல். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் ஐரோப்பாவையே எடுப்பேன், ஏனென்றால் செட்டிங்ஸ் பக்கமே போகாத என் அம்மா மாதிரி ஆட்களை அதுதான் முதலில் காப்பாற்றும். பிரவுசர் சிக்னலை அங்கேயும் கொண்டுவரும் யோசனையை 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையமே முன்வைத்திருக்கிறது, நல்லது.

நம் நாட்டின் 2023 டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் கேட்கும் பக்கம்தான் சாய்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்துக்குத் தடை உண்டு. சம்மதம் கேட்கும் வாசகத்தை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் படிக்க வழி செய்ய வேண்டும், அதில் தமிழும் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். அந்தத் தமிழ் வாசகம் அம்மாவுக்குப் புரிகிற தமிழில் இருக்க வேண்டும், பக்கத்திலேயே "வேண்டாம்" பட்டனும் அதே அளவில் இருக்க வேண்டும்.