கொடைக்கானல் ஈரத்தில் சுருட்டு: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சமவெளியில் சுருட்டுப் பிரியர்களின் கவலை, இலை காய்ந்துபோகிறதே என்பதுதான். கொடைக்கானலில் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும். அலமாரியில் இருக்கும் தோல் செருப்பில் பூசணம் பிடிக்கும். அப்போது மேசைமேல் கிடக்கும் நிகரகுவா சுருட்டு ஈரத்தைக் குடித்து உப்பி, பற்றவைக்கும் முனையில் மேலிலை வெடித்துவிடும். தை, மாசியில் அதே சுருட்டு சருகாகும்.

சீடர் மரம் பதித்த அழகான ஹியூமிடார் (சுருட்டின் ஈரப்பதம் காக்கும் பெட்டி) ஒன்றைச் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறது, மழைக்காலத்துக்கு உதவாது. மூடியின் இடுக்கு வழியாக ஈரம் புகுந்துகொண்டே இருக்கிறது. ரப்பர் வளையம் போட்டு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சில சீடர் பட்டைகள், உள்காற்றை 65 சதவீத ஈரப்பதத்தில் நிறுத்தும் பொட்டலம் ஒன்று: இந்த ஊருக்கு இதுவே போதும். கடைக்காரர்கள் 69 சதவீதப் பொட்டலத்தைப் பரிந்துரைப்பார்கள். மலையில் அது அதிகம்.

ஈரப்பதமானியை வாங்கியவுடன் நம்ப வேண்டாம். பாட்டில் மூடி ஒன்றில் உப்பைப் போட்டு, குழையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டுகிறது. எப்போதும் 4 கூட்டிக்கொள்கிறேன்.

மலை தரும் பெரிய வரம் குளிர்ச்சி. சுருட்டைத் துளைக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிக்க வெப்பம் வேண்டும். திண்டுக்கல் வெயிலில் அது பெரிய தொல்லை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் எனக்கு அது வந்ததே இல்லை.

ஈரத்தின் வேறுபாடு நாக்கில் தெரிகிறது. ஒரே பெட்டியில் வந்த ரொபஸ்டோ சுருட்டுகள், 5 அங்குல நீளம், 50 ரிங் பருமன் (ஒரு ரிங் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு விட்டம்). ஈரம் ஏறியதை இழுத்தால் புகை வரச் சண்டித்தனம் செய்கிறது. ஒரு பக்கம் மட்டும் எரிகிறது. பாதிக்குமேல் புளிப்பும் கசப்பும்தான். 65-இல் சில வாரம் இருந்தது சாம்பல் உதிராமல் நிற்கிறது. முதல் பகுதியில் மிளகுக் காரம், நடுவில் வறுத்த காப்பிக்கொட்டை வாசனை, முடிவில் மண் வாசனையோடு ஒரு மெல்லிய இனிப்பு. சர்க்கரை போடாத தாண்டிக்குடி காப்பி இதற்குப் பொருத்தமான துணை. விலை கூடிய சுருட்டும் ஈரத்தில் ஊறினால் இந்த நடுப்பகுதியை இழந்துவிடுகிறது. அதனால் பணத்தை முதலில் சுருட்டைப் பாதுகாத்து வைப்பதில் போடச் சொல்வேன்.

புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பதால் ஆபத்து நீங்கிவிடாது. வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு அந்தப் புகையே போதும். பழக்கம் இல்லாதவர்கள் தொடங்கவே வேண்டாம்.

ஒரு காலத்தில் ஸ்பென்சர் நிறுவனம் சுருட்டுத் தொழிற்சாலை நடத்திய திண்டுக்கல்லிலிருந்து நாட்டுச் சுருட்டும் வாங்குகிறேன். இரு முனையும் திறந்திருப்பதால் வெட்டத் தேவையில்லை. காரம் கடுமையானது, ஆனால் நேர்மையான புகையிலை. “இதைப் பெட்டியில் பூட்டாதீங்க தம்பி, காய்ந்திருந்தால்தான் நல்லா எரியும்” என்றார் கடைக்கார அண்ணன். அவர் சொன்னது சரிதான். சமையலறையில் அடுப்புக்கு மேலுள்ள தட்டில், தகர டப்பாவில் தனியாக வைக்கிறேன். மற்றவற்றோடு சேர்த்தால் அதன் வாசனை எல்லாவற்றிலும் ஏறிவிடும்.