மாத்திரை, கொரிய பாட்டில், ஹன்ட்ரட் பிளஸ்: மறுநாள் தலைவலிக்கு எது?

தீபாவளி, ஆண்டிறுதி விருந்து, யாருக்காவது பதவி உயர்வு: சிங்கப்பூரில் குடிப்பதற்குக் காரணம் கிடைக்காமல் போனதில்லை. இப்போது அதோடு ஒரு புதுப் பழக்கமும் சேர்ந்திருக்கிறது. முதல் கிளாஸ் வருவதற்கு முன்பே கூட்டத்தில் ஒருவர் பாக்கெட்டைப் பிரித்து, "அண்ணே, இதப் போட்டுக்குங்க, காலையில ஒண்ணும் தெரியாது" என்று ஆளுக்கு இரண்டு மாத்திரை கொடுக்கிறார். காசுக்கு ஏற்ற பலன் இதில் உண்டா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கோப்பிக்கடையில் மேசைக்கு வரும் பெரிய பீர் பாட்டில் சுமார் 640 மில்லி. ஐந்து சதவீத பீர் என்றால் அதில் ஏறத்தாழ 25 கிராம் ஆல்கஹால் இருக்கும். இங்கே குடியைக் கணக்கிடும் ஓர் அளவு (ஸ்டாண்டர்டு டிரிங்க்) என்பது 10 கிராம் ஆல்கஹால். ஆண்கள் நாளுக்கு இரண்டு அளவு, பெண்கள் ஓர் அளவு, அதற்கு மேல் வேண்டாம் என்பது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் அறிவுரை. அதாவது ஒரே பாட்டிலில் ஆண்களுக்கான வரம்பே தாண்டிவிடுகிறது. கல்லீரலோ மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். எட்டு மணிக்கு ஆரம்பித்து மூன்று பாட்டில் முடித்தவர் விடிகாலை ஐந்து மணிக்கு வேன் எடுத்தால், உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கக்கூடும். 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராம் என்பது சட்ட வரம்பு. மாத்திரை போட்டேன் என்று சொன்னால் போலீஸ்காரர் விட்டுவிடப் போவதில்லை.

முன்கூட்டியே போடும் வகையில் இரண்டு பெரிய போட்டியாளர்கள். ஒன்று டிஹெச்எம் என்ற மாத்திரை. இன்னொன்று ஃபேர்பிரைஸ், செவன் இலெவன் மாதிரிக் கடைகளில் தலைகாட்டும், போதை தெளிவிக்கும் என்று சொல்லப்படும் கொரிய பான பாட்டில்கள். பார்க்க வேறு வேறாகத் தெரிந்தாலும் பல சமயம் இரண்டும் ஒரே குடும்பம்தான்: அந்தக் கொரிய பானங்கள் பலவற்றில் சேரும் ஹொவேனியா மரத்துச் சாற்றில்தான் டிஹெச்எம்மும் இருக்கிறது. இந்தப் பொருளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 2012இல் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு. சோதித்தது எலிகளை. வாய்வழியாகச் சாப்பிட்டால் இது ரத்தத்தில் சேர்வதும் மிகக் குறைவு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பாட்டில் பக்கம் கொஞ்சம் சாய்வேன். தென்கொரிய அரசு 2025 முதல், போதைத் தெளிவு என்று விளம்பரம் செய்ய மனிதர்களிடம் சோதித்த ஆதாரம் வேண்டும் என்று கட்டாயமாக்கிவிட்டது. தவிர, பாட்டிலில் தண்ணீராவது இருக்கிறது.

கரி மாத்திரையைப் பற்றி ஒரே வரி: ஆல்கஹால் கரியில் ஒட்டாது. பி வைட்டமின் பாக்கெட்டுகளுக்கும் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். நல்ல பாக்டீரியா கலந்த மாத்திரைக்கு 2022இல் ஓர் ஆய்வு வந்து பேச்சாக இருந்தது. கலந்துகொண்டவர்கள் 24 பேர், ஒரு வாரம் முன்பிருந்தே சாப்பிட்டவர்கள், குடித்ததும் சிறிதளவு. நம் வெள்ளிக்கிழமைக்கு அது பொருந்தாது.

இந்த மாதிரிச் சோதனைகள் 21ஐ லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆய்வாளர்கள் மொத்தமாக அலசிப் பார்த்தார்கள். ஆதாரத்தின் தரம் மிகவும் தாழ்வு என்றுதான் முடிவு. ஒரே மருந்தை இரண்டு ஆய்வுகள் சோதித்ததாகக்கூட இல்லை. மேலும் ஆராயலாம் என்று அவர்கள் சொன்னவற்றில் கிராம்புச் சாறும் ஒன்று. பிரியாணியில் அகப்படும் கிராம்பைக் கடித்துவிட்டுத் தெம்பாகிவிட வேண்டாம், அது வேறு தயாரிப்பு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020இல் இத்தகைய பொருள்களை விற்ற ஏழு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இங்கேயும் ஊட்டச்சத்து மாத்திரை கடைக்கு வருவதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையம் ஒவ்வொன்றாகச் சோதித்து அனுமதி தருவதில்லை. அலமாரியில் இருக்கிறது என்பதாலேயே அது வேலை செய்யும் என்று ஆகிவிடாது.

சரி, மறுநாள் காலை. ஹன்ட்ரட் பிளஸ் என்ற டின் பானம், தேக்கா ஈரச்சந்தைப் பக்கத்து இளநீர், வீட்டு மோர் மூன்றும் தாகத்தைத் தீர்க்கும், உப்பையோ சர்க்கரையையோ கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். தலைவலி முழுக்க நீர் வற்றியதால் வருவதில்லை. வீக்கம், கெட்ட தூக்கம், எரிந்த வயிறு எல்லாம் அதில் பங்கு போடுகின்றன. அதனால் எதுவும் முழுதாகச் சரிசெய்யாது. வயிறு எரிகிறவருக்கு உப்புப் போட்ட மோர்தான் என் ஓட்டு. பனடோலா, இபுப்ரோஃபெனா என்ற சண்டையில் இருவருக்குமே குறை உண்டு: பனடோலில் இருக்கும் பாரசிட்டமால் ஏற்கெனவே உழைத்துக் களைத்த கல்லீரலுக்குச் சுமை, நிறையக் குடிப்பவருக்கு ஆபத்து. இபுப்ரோஃபென் வயிற்றைப் புண்ணாக்கும்.

உண்மையிலேயே வித்தியாசம் காட்டுவது சாப்பாடு. "சாப்பிட்டுட்டா ஏறாதுடா" என்று சொல்லித்தான் நம்மவர்கள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து, கடலையும் சில்லி சிக்கனும் கொறிக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான்! வயிறு நிறைந்திருந்தால் மது சிறுகுடலுக்கு மெதுவாகப் போகிறது, ரத்தத்தில் உச்ச அளவு குறைகிறது. எந்த மாத்திரையும் இவ்வளவு தெளிவான சான்றோடு வரவில்லை. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நள்ளிரவில் சாப்பிடும் பிரியாணியை ஏழு மணிக்கே முடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். பிராந்தி, விஸ்கி போன்ற பழுப்பு நிறச் சரக்கு வோட்காவைவிட மறுநாளை மோசமாக்கும் என்பதும் சோதித்த விஷயமே.

எனக்கு மாத்திரை மேல் இருக்கும் பெரிய கோபம் வேறு. அலுவலகத்தில் சீனச் சகாக்கள் சிலர் ஒரு கிளாஸிலேயே முகம் சிவந்துவிடுவார்கள். அசிட்டால்டிஹைடு என்ற நச்சைக் கரைக்கும் நொதி அவர்களுக்குப் பிறப்பிலேயே பலவீனம். சிலர் வயிற்று அமில மாத்திரை போட்டுச் சிவப்பை மறைக்கிறார்கள். சிவப்பு மறையும், நச்சு இருக்கும், உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயமும் அப்படியே இருக்கும். நம் மாத்திரை பலித்தாலும் கதை இதேதான். மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1988இலேயே வகைப்படுத்தியாயிற்று. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. காலையில் தலை வலிக்கவில்லை என்றால் மார்பகத்துக்கும் கல்லீரலுக்கும் சேதம் இல்லை என்று ஆகாது. வலி இல்லாததால் அடுத்த வாரம் நாலாவது பாட்டில் வரும், அதுதான் என் பயம்.

ஆகவே என் வரிசை: ஒரு பாட்டில் குறைவு, முன்னாடியே சாப்பாடு, இடையிடையே தண்ணீர், காலையில் மோர். மிச்சப் பணத்துக்கு டாக்சி. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிபிசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் நம்மிடையே நிறைய. அவர்களுக்கு வெறும் வயிற்றுக் குடி சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். உளறலும் தள்ளாட்டமும் போதை மாதிரியே தெரியும். அப்படி ஒருவர் மேசையில் இருந்தால் விரலைக் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். எழுப்பினால் எழவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.