21 அடி கேரவனும் இரண்டு பிள்ளைகளும்: அவுட்பேக் பயணத்துக்குப் பின் எங்கள் அனுபவம்

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான எங்கள் கேரவனை 2021இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பழைய வண்டியாக வாங்கினோம். நீளம் 21 அடி. பின்பக்கத்தில் பிள்ளைகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு படுக்கைகள், ஒடுக்கமான ஒரு குளியலறை, கேஸ் அடுப்பு. முதல் இரண்டு ஆண்டுகள் கடற்கரை ஊர்களில் இரண்டு மூன்று நாள் தங்கித் திரும்பியதோடு சரி. அதன் உண்மையான குணம் தெரிந்தது, 2023 ஜூன் நடுவில் புறப்பட்டு, ஒன்பது வயதும் ஐந்து வயதுமான பிள்ளைகளுடன், அவுட்பேக் எனப்படும் ஆள் நடமாட்டம் குறைந்த உட்பகுதி வழியே வடக்கே போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் டார்வின் வரை சென்று திரும்பிய ஒன்பது வாரங்களில்தான். உளுரு பாறை, காக்கடு தேசியப் பூங்கா ஆகிய கிளைப் பயணங்களையும் சேர்த்து 8,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடியிருக்கிறோம்.

திட்டமிடும்போது நாங்கள் மாதக்கணக்கில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்திருக்க வேண்டியது எடையை. எங்கள் வண்டியின் வெறும் எடை 2,150 கிலோ. சுமையுடன் சேர்த்து அது 2,600 கிலோவைத் தாண்டக்கூடாது என்று கதவருகே உள்ள தகட்டில் பொறித்திருக்கிறது. மீதமுள்ள 450 கிலோ தாராளமாகத் தோன்றும். ஆனால் 95 லிட்டர் கொள்ளும் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பினாலே 190 கிலோ போய்விடுகிறது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, ஏதோ ஒரு சந்தேகத்தில் எடைமேடைக்குக் கொண்டுபோனேன். சீட்டில் 2,740 என்று அச்சாகி வந்தது. அன்று மாலை வீட்டு முற்றத்தில் எல்லாவற்றையும் இறக்கிப் பரப்பினோம்: வெளிப்பந்தலின் கனமான துணிச்சுவர்கள், இரண்டு சைக்கிள்கள், ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள், தகர டின்கள், வழியில் கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சி ஏற்றிய 20 கிலோ அரிசி மூட்டை. வழியிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் பெரிய பல்பொருள் அங்காடிகள் இருக்கின்றன என்பது தெரிந்தும் அந்த மூட்டையை ஏற்றியிருந்தோம். அவற்றைக் காருக்கு மாற்றினால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். காருக்கும், காரும் கேரவனும் சேர்ந்த மொத்தத்துக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. இறக்கியவற்றில் எதையும் அந்த ஒன்பது வாரங்களில் நாங்கள் தேடவில்லை, சைக்கிள்களைத் தவிர.

அடுத்தது நாளொன்றுக்கு ஓட்டும் தூரம். நெடுஞ்சாலை தொடங்கும் போர்ட் அகஸ்டாவிலிருந்து கூபர் பீடி என்ற ஊர் ஏறத்தாழ 540 கிலோமீட்டர். தனிக் காரில் ஆறு மணி நேரத்தில் போகலாம் என்பதை நம்பி ஒரே நாளில் வைத்திருந்தோம். கேரவனை இழுத்துக்கொண்டு, சின்னவளுக்காக எட்டு இடங்களில் நிறுத்தி, எதிர்காற்றில் ஓட்டியபோது இருட்டிய பிறகே ஊர் வந்தது. வேலியில்லாத மாட்டுப் பண்ணைகளும் கங்காருக்களும் உள்ள சாலையில் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை நான் இப்போதும் விரும்பி நினைப்பதில்லை. அதன் பின் அதிகபட்சம் 350 கிலோமீட்டர், பிற்பகல் மூன்று மணிக்குள் நிறுத்திவிட வேண்டும் என்று விதி செய்துகொண்டோம். ஓடும் கேரவனுக்குள் பிள்ளைகளை இருத்துவது சட்டப்படி குற்றம். ஏழு வயதுக்குட்பட்டவர்கள் காரில் தங்களுக்குரிய இருக்கையில் கட்டப்பட்டே வர வேண்டும். ஆகவே நாளின் நீளத்தைத் தீர்மானிப்பது ஐந்து வயதுக் குழந்தையின் பொறுமைதான்.

டீசல் கணக்கும் இதனோடு சேர்ந்தது. தனியாக ஓடும்போது நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடிக்கும் கார், கேரவனுடன் பதினேழு குடித்தது. 80 லிட்டர் தொட்டியில் பாதுகாப்பாக 400 கிலோமீட்டருக்கு மேல் நம்ப முடியாது. கிளென்டாம்போவிலிருந்து கூபர் பீடி வரை சுமார் 250 கிலோமீட்டருக்குப் பங்க் கிடையாது என்பதால் பாதித் தொட்டி இருந்தாலும் நிரப்பிக்கொள்வதே எங்கள் வழக்கமாயிற்று.

ஊர்களை விட்டு விலகினால் கைபேசி அநேகமாக அடங்கிவிடும். காரில் பொருத்திய, மற்ற வண்டிகளோடு பேச உதவும் யு.எச்.எஃப். வானொலிதான் செலவழித்த பணத்துக்கு மிக அதிகம் தந்த பொருள். பல இணைப்பு வண்டிகளை இழுத்துக்கொண்டு 53.5 மீட்டர் வரை நீளும் ரோடு டிரெயின் லாரிகளின் பின்னால் போகும்போது, நாற்பதாம் அலைவரிசையில் ஓட்டுநரே முன்னால் சாலை காலியா என்று சொல்லிவிடுவார். ஒருவர் தாண்டலாம் என்று சொன்னதற்குப் பெரியவன் ஒலிவாங்கியைப் பிடுங்கி நன்றி சொல்ல, மறுமுனையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அன்றிலிருந்து அது அவனுடைய வேலை.

குளிரைக் குறைத்து மதிப்பிட்டிருந்தோம். அங்கே குளிர்காலமான ஜூலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் இரவுகள் சில நாள் பூச்சியத்துக்கும் கீழே போகும்; ஒரு காலையில் தண்ணீர்க் குழாய் உறைந்து கிடந்தது. டீசலில் இயங்கும் சூடேற்றியைப் புறப்படும் முன் பொருத்தியதற்கு என் மனைவியைத்தான் பாராட்ட வேண்டும். இட்லி மாவு மட்டும் இரண்டு நாள் ஆகியும் பொங்கவில்லை. பிறகு மாவுப் பாத்திரத்தைக் காரின் பின்னிருக்கைக் காலடியில், சூட்டுக்காற்று வரும் துளைக்கு எதிரே வைத்தோம். டெனன்ட் கிரீக் போய்ச் சேர்வதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்திருந்தது.

இனி வண்டியைப் பற்றி. 300 வாட் சூரியத் தகடும் லித்தியம் மின்கலமும் இந்த மூன்றாண்டுகளில் ஒருமுறையும் கைவிட்டதில்லை. துணி துவைக்கும் சிறு இயந்திரம் தண்ணீரை விழுங்குவதால் மூன்று முறைக்கு மேல் ஓடவில்லை. கேரவன் பூங்காக்களில் உள்ள இயந்திரங்களே போதும். பெரிய குறை தூசி. திரும்பும் வழியில் ஆசைப்பட்டு வில்லியம் கிரீக் செல்லும் மண்சாலையில் இழுத்துச் சென்றோம். வரிவரியாக மேடு விழுந்த அந்தச் சாலையில் நாற்பது கிலோமீட்டரில் திருப்பிவிட்டோம். கதவைத் திறந்தால் மேல் அலமாரியின் கீல் திருகுகள் கழன்று தரையில் கிடந்தன. கீழ்ப் படுக்கைக்கு அடியில் இருந்த உடைகள் எல்லாம் காவி நிறம். விற்பனையின்போது மண்சாலைக்கும் ஏற்றது என்று சொல்லப்பட்ட வண்டி இது. குளிர்பெட்டியின் காற்றுத் துளைகள் வழியாகத்தான் தூசி புகுகிறது என்பதைக் கண்டுபிடித்து, இப்போது மண்சாலைக்கு முன் வெளியிலிருந்து மறைத்து ஒட்டிவிடுகிறோம்; ஆனால் கேஸிலும் இயங்கும் அந்தக் குளிர்பெட்டியை, துளைகள் மூடியிருக்கும்போது கேஸில் இயக்கக்கூடாது.

இன்று மீண்டும் வாங்குவதாக இருந்தால் இதே படுக்கை அமைப்பை, இரண்டடி குறைவான நீளத்தில், குளியலறை இல்லாமல் வாங்குவேன். அந்தக் குளியலறையை நாங்கள் பெரும்பாலும் அழுக்குத் துணிக்கூடை வைக்கத்தான் பயன்படுத்தினோம்.